ஆஃப் அடித்தவன் ஆஃப் ஆனான்!

இங்கிலீஷில் பெரிய வார்த்தைகளைப் பார்த்து நடுங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பெரிய வார்த்தைகள் பரம சாது. 'ஃபோட்டோசிந்தஸிஸ்' என்றால் இலை, வெயில், சமையல்... அவ்வளவுதான். நேற்று ஒரு அர்த்தம், இன்றைக்கு ஒரு அர்த்தம் என்று பேச்சு மாறாது. வம்பு பண்ணுவதெல்லாம் பொடி வார்த்தைகள்தான். அப், அவுட், இன், ஆன்... இந்தக் கும்பலில் படு ரவுடி யார் என்று கேட்டால் நான் 'ஆஃப்' பக்கம்தான் கை காட்டுவேன். மூன்றே எழுத்து. அதிலும் ரெண்டு ஒரே எழுத்து!

'ஸ்விட்ச் மேலே எழுதியிருக்குமே, அதுதானே? அதில் என்ன ரவுடித்தனம்?' என்பீர்கள். கொஞ்சம் இதைப் பாருங்கள்.

லைட் 'வென்ட் ஆஃப்' - அணைந்தது.
அலாரம் 'வென்ட் ஆஃப்' - அலறியது.
குண்டு 'வென்ட் ஆஃப்' - வெடித்தது.
பால் 'வென்ட் ஆஃப்' - கெட்டுப்போனது.
கல்யாணம் 'வென்ட் ஆஃப் வெல்' - நல்லபடியாக நடந்தேறியது.

வார்த்தை ஒன்றுதான். ஒன்று அடங்குகிறது, ஒன்று கத்துகிறது, ஒன்று ஊரையே தூக்குகிறது, ஒன்று நாறுகிறது, ஒன்றில் பந்தி நடக்கிறது! லண்டன் ஆபீஸில் வேலை பார்க்கும் நம்ம பையன் ஒருவன் லேட்டாகப் போய், "ஸார், மை அலாரம் வென்ட் ஆஃப்" என்றால், துரை என்ன சொல்வார்? "ரொம்ப நல்லது. அப்புறம் ஏன் லேட்?"

நம்ம ஊரில் அலாரம் ஆஃப் ஆனால் தூக்கம். அவர்கள் ஊரில் அலாரம் ஆஃப் ஆனால் முழிப்பு.

* * *

நமக்கு இன்னொரு கூடுதல் கஷ்டம். நம் வாயில் மூன்று வேறு வார்த்தைகள் ஒரே 'ஆஃப்' ஆகிவிடுகின்றன. அரை என்று அர்த்தம் தரும் 'ஹாஃப்' இருக்கிறதே, அதன் முதல் எழுத்தை முழுங்கிவிடுவதில் நாம் மன்னர்கள். அதனால்தான் 'ஆஃப் பாயில்'. ராத்திரி ஒன்பது மணிக்குமேல் சில தெருமுனைகளில் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "மச்சி, ஆஃப் அடிச்சவன் அங்கேயே ஆஃப் ஆயிட்டான்டா." முதல் ஆஃப் அரை பாட்டில். ரெண்டாவது ஆஃப் ஆள் மட்டை. இதை ஒரு வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

ஆபீஸில் இதே குழப்பம் லீவ் லெட்டரில் வரும். 'ஹாஃப் டே' என்றால் அரை நாள் லீவ். 'டே ஆஃப்' என்றால் முழு நாள் லீவ். நிஜமான 'ஆஃப் டே' என்றால் லீவே இல்லை. ஆபீஸுக்கு வந்து தொட்டதெல்லாம் சொதப்புகிற நாள். மானேஜரிடம் "இன்னிக்கு எனக்கு ஆஃப் டே ஸார்" என்று சொல்வதற்கு முன்னால் எந்த ஆஃப் என்று தெளிவு பண்ணிக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது ஆஃப், 'பேங்க் ஆஃப்', 'யுனிவர்ஸிடி ஆஃப்' என்றெல்லாம் வருமே, அந்த ஒற்றை 'எஃப்'. அதை 'அவ்' என்று உச்சரிக்கவேண்டும் என்று இங்கிலீஷ் வாத்தியார்கள் பிரம்பை ஒடித்திருக்கிறார்கள். நாம் மசியவில்லை. இதில் வேடிக்கை, இந்த ஒற்றை எஃப்பும் ரெட்டை எஃப்பும் நிஜமாகவே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழைய இங்கிலீஷில் ரெண்டும் ஒரே வார்த்தை. அழுத்திச் சொன்னால் ஒரு ஓசை, அழுத்தாமல் சொன்னால் ஒரு ஓசை. அப்படியே பாகம் பிரித்துக்கொண்டு, 17-ம் நூற்றாண்டு வாக்கில்தான் தனித்தனி ஸ்பெல்லிங்கோடு தனிக்குடித்தனம் போயின.

'ஆபீஸ்' என்ற வார்த்தைக்குள்ளேயே முதல் மூன்று எழுத்து 'ஆஃப்'தானே என்று சில குறும்புக்காரர்கள் கேட்கலாம். ஸாரி, சம்பந்தம் இல்லை. அது லத்தீன் வழி வந்தது. மூலச் சொல்லுக்கு 'கடமை' என்று அர்த்தம். 

* * *

சரி, இத்தனை அர்த்தத்தையும் மனப்பாடம் பண்ணுவது நடக்கிற காரியமா? வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு சாவி போதும். ஆஃப் என்றால் அடிப்படையில் 'விட்டு விலகி'. எங்கே ஆஃப் வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எது, எதை விட்டு விலகுது?'

லைட் கரண்ட்டை விட்டு விலகியது, அணைந்தது. அலாரமும் குண்டும் பிடித்து வைத்திருந்த பிடியை விட்டு விலகின, சத்தம். பால் தன் நல்ல நிலையை விட்டு விலகியது, நாற்றம். 'டேக் ஆஃப்' என்றால் விமானம் தரையை விட்டு விலகுகிறது. அதே 'டேக் ஆஃப்' சட்டைக்கு வந்தால், சட்டை உடம்பை விட்டு விலகுகிறது. 'புட் ஆஃப்' என்றால் காரியம் இன்றைய தேதியை விட்டு விலகுகிறது. (இது நமக்கு நன்றாகவே தெரியும்!)

கிரிக்கெட்டில்கூட இந்தச் சாவி வேலை செய்யும். 'ஆஃப் ஸைடு', 'ஆன் ஸைடு' என்று தினமும் கத்துகிறோமே, அங்கே என்ன ஸ்விட்ச் இருக்கிறது? இதற்கு வேர் குதிரை வண்டியில் இருப்பதாகச் சொல்வார்கள். வண்டிக்காரர் குதிரைக்கு இடது பக்கமாக நடப்பார். அதனால் இடது பக்கம் கிட்டத்துப் பக்கம். வலது பக்கம் அவரை விட்டு விலகிய 'ஆஃப்' பக்கம். பிரிட்டனில் இன்றைக்கும் காரின் வலது பக்கத்துக்கு 'ஆஃப்ஸைடு' என்றுதான் பெயர். வலது கை பாட்ஸ்மேனுக்கும் வலது பக்கம்தான் ஆஃப். அங்கே குத்தி உள்ளே திரும்பினால் ஆஃப் ஸ்பின். நம் சென்னை இந்த வித்தையில் கெட்டி. வெங்கட்ராகவன் டெஸ்ட்டில் 156 விக்கெட் எடுத்தார். 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற அஸ்வின் எடுத்தது 537. 

இங்கிலாந்தில் 'ஆஃப் லைசென்ஸ்' என்று போர்டு பார்த்தால் லைசென்ஸ் பறிபோன கடை என்று பரிதாபப்படாதீர்கள். அது மதுக்கடை. வாங்கிக்கொண்டு கடையை விட்டு விலகிப்போய்க் குடிக்கவேண்டும் என்பதுதான் லைசென்ஸ்!

முகநூலில் தலைவர் படத்துக்குக் கீழே எழுதும்போது மட்டும் கூடுதல் கவனம். 'ஹேட்ஸ் ஆஃப் தலைவா' என்றால் தொப்பி தலையை விட்டு விலகுகிறது, மரியாதை. அவசரத்தில் 'ஹேண்ட்ஸ் ஆஃப்' ஆகிவிட்டால் கை விலகவேண்டும். 'எடுடா கையை' என்று அர்த்தம். 

* * *

இதுவரை தமாஷ். இனிமேல் சொல்லப்போவது பர்ஸைத் தொடுகிற விஷயம்.

ஆபீஸில் ஒருவர் தப்புப் பண்ணிவிட்டார். அவர் பெயரோடு மூன்று ஆஃப்கள் சேரலாம். 'டோல்ட் ஆஃப்' என்றால் மானேஜர் கூப்பிட்டு டோஸ் விட்டார். 'லெட் ஆஃப்' என்றால் 'தொலையட்டும், போ' என்று விட்டுவிட்டார். 'லெய்ட் ஆஃப்' என்றால்... வேலை காலி. (இதற்குத் தப்பே பண்ணியிருக்க வேண்டியதில்லை என்பது தனி சோகம்.) காதில் விழும்போது 'லெட்', 'லெய்ட்' ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்? ஒரு சின்ன இழுப்பு. அந்த இழுப்பில் ஒரு குடும்பத்தின் மளிகைக் கணக்கே அடங்கியிருக்கிறது.

முதலில் 'ரைட் ஆஃப்'. பேப்பரில் 'வங்கிகள் இத்தனை ஆயிரம் கோடி ரைட் ஆஃப்' என்று வரும். உடனே டீக்கடையில், "பார்த்தீங்களா அண்ணே, பெரிய ஆளுங்க கடனைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவோம். நம்ம சாவியைப் போடுங்கள். எது, எதை விட்டு விலகுது? கடன், வங்கியின் வரவுசெலவுப் புத்தகத்தை விட்டு விலகுகிறது. வாங்கினவர் தலையை விட்டு விலகவில்லை. வராது என்று ஒதுக்கீடு செய்து, கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்; துரத்தி வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. எவ்வளவு வசூலாகிறது என்பது வேறு சண்டை, அதைத் தாராளமாகப் போடலாம். ஆனால் தள்ளுபடி வேறு. 2008-ல் மத்திய அரசு விவசாயக் கடனுக்கு அறிவித்தது தள்ளுபடி. அங்கே கடன் விவசாயியை விட்டே விலகியது.

பெரிய ஆள் சமாசாரம் நமக்கெதற்கு என்று நினைக்கவேண்டாம். உங்கள் கிரெடிட் கார்டு பாக்கியும் ரைட் ஆஃப் ஆகலாம். கொஞ்ச நாளாய் போன் வரவில்லையே, விட்டுவிட்டார்கள் போல என்று சந்தோஷப்பட்டுவிட்டு, நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனால், கிரெடிட் ரிப்போர்ட்டில் 'ரிட்டன் ஆஃப்' என்று உட்கார்ந்திருக்கும். லோன் கொடுப்பவர் முகம் அப்போது பார்க்கவேண்டும்! உங்களுக்கு வேண்டியது 'பே ஆஃப்'. அதாவது, முழுசாக அடைத்துக் கடனை உங்களை விட்டு விலக்குவது. அடைத்ததற்கு ஒரு கடிதம் வாங்கிப் பத்திரமாக வைப்பது.

அடுத்தது 'லே ஆஃப்'. இதில்தான் ஆஃப் உச்சக்கட்ட விஷமம் பண்ணுகிறது. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் இதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். நிலக்கரி இல்லை, கரண்ட் இல்லை, கச்சாப் பொருள் இல்லை, மெஷின் ரிப்பேர், இது மாதிரிக் காரணங்களால் முதலாளி வேலை கொடுக்க முடியாமல் போவதுதான் லே ஆஃப். ஆளை அனுப்புவது இல்லை. பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். சட்டம் சொல்லும் நிபந்தனைகளுக்குள் வருகிற, ஒரு வருஷ சர்வீஸ் முடித்த தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டிலும் பாதி உண்டு. நிரந்தரமாக அனுப்புவதற்குச் சட்டத்தில் வேறு பெயர்: ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று தனிக் கணக்கு. பழைய சட்டத்தின் இடத்துக்காக 2020-ல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது.

ஆனால் கம்பெனிகள் பேசுவது அமெரிக்க பாஷை. அதில் லே ஆஃப் என்றால், 'பையை எடுத்துக்கொண்டு கிளம்பு, ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டுப் போ'. எனவே அப்படி ஒரு மெயில் வந்தால், பதறிப்போய்க் கீழே கையெழுத்துப் போடுவதற்கு முன் சாவியைப் போடுங்கள். வேலைதான் உங்களை விட்டுக் கொஞ்ச நாள் விலகுகிறதா, இல்லை நீங்களே கம்பெனியை விட்டு விலகுகிறீர்களா? அப்படியானால் நோட்டீஸ் எத்தனை நாள், பணம் எவ்வளவு? கூடவே 'நானாகவே ராஜினாமா செய்கிறேன்' என்று ஒரு காகிதம் நீட்டினால் ரெட்டை ஜாக்கிரதை. நீங்களாகவே விலகினால் ஆட்குறைப்புக் கணக்கு பேசவே முடியாது. அன்றைக்கு ராத்திரியே தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்ப்பது ஒரு மாதச் சம்பளத்தைவிட லாபம்.

* * *

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'ச்சே, என்ன பாஷை இது, ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தமா?' என்று இங்கிலீஷ்காரர்களைத் திட்டக் கிளம்பாதீர்கள். நம்மிடம் 'அடி' என்று ஒன்று இருக்கிறது. பெல் அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, வாசம் அடிக்கிறது, பெயிண்ட் அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், சைட் அடிக்கிறோம்... இதில் ஒன்றிலாவது யாராவது யாரையாவது நிஜமாக அடித்தார்களா? (கடைசி ஒன்றில் மட்டும், பெண்ணின் அண்ணன் பார்த்துவிட்டால் வாய்ப்பு உண்டு.)

அடுத்த வாரம் 'அப்'. 'ஷட் அப்' சொல்லாதவர்கள் மட்டும் வரலாம்.