ஹெந்தளையில் எரிந்த ஸ்டூடியோவும் தொடங்காத விசாரணையும்

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு கொலை. பொலிஸார் கோட்டைவிட, தனியார் துப்பறிவாளர் ஒருவர் வந்து கொலையாளியைப் பிடிக்கிறார். இந்தக் கதையை எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம். கொழும்புத் திரையுலகில் உண்மையாகவே நடந்த கொலைகளுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. யூலை நினைவுகளில் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் பேசுகிற அளவுக்கு நாம் இவற்றைப் பேசுவதும் இல்லை.

சிங்களத் திரைப்படங்களை இயக்கிய கே. வெங்கட் 1983 யூலை வன்முறையில் கொல்லப்பட்டார். அதே நாட்களில், ஹெந்தளையில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோ கொளுத்தப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) உட்படப் பல சிங்களப் படங்களைத் தயாரித்தவர் குணரத்தினம். ஸ்டூடியோவில் இருந்த நெகட்டிவ்களும் சாம்பலாயின. தமிழனின் சொத்து என்றுதான் தீ வைத்தார்கள். எரிந்ததில் சிங்கள சினிமாவின் வரலாறும் ஒரு பகுதி. இதைச் சிங்கள நண்பர்களிடம் சொன்னால் பலருக்குப் புதினமாக இருக்கிறது. குணரத்தினம் அதற்குப் பிறகும் கொழும்பிலேயே தொழில் செய்தார். ஜே.வி.பி. கிளர்ச்சி உச்சத்தில் இருந்த 1989 ஓகஸ்டில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

துப்பறியும் கதை சடலத்தில் தொடங்கும். இங்கே சட்டமே அதைத் தடுத்தது. 1983 யூன் 3ஆம் திகதி கொண்டுவரப்பட்ட 15ஏ அவசரகால விதி, மரண விசாரணை இல்லாமலே சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புத் தரப்பினருக்கு வழிவிட்டது. வன்முறை வெடிப்பதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னரே அந்த ஏற்பாடு வந்துவிட்டது. மரண விசாரணை அறிக்கை இல்லையென்றால் பின்னாளில் எந்தத் துப்பறிவாளர் எதைப் புரட்டிப் பார்ப்பது?

வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடிவந்ததை வெள்ளவத்தைக்காரர் இன்றும் சொல்வார்கள். அந்தப் பட்டியல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதே விசாரணையின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். 2001இல் முன்னாள் பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா தலைமையில் உண்மை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அது நட்டஈட்டைப் பரிந்துரைத்தது. 2004இல் சந்திரிகா குமாரதுங்க மன்னிப்புக் கேட்டார். வழக்குகள் மட்டும் வரவில்லை.

ஆகவே துப்பறிகிற வேலை குடும்பங்களின் தலையில் விழுந்தது. 2008–09இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில் கொட்டாஞ்சேனைக் குடும்பங்களும் இருக்கின்றன. கப்பம் கேட்டு வந்த அழைப்புகள், இலக்கங்கள், பிள்ளை கடைசியாகப் பேசிய நேரம் எல்லாவற்றையும் பெற்றோர்தான் சேர்த்து வைத்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கடற்படையினர் வரை போனது. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று 2021 ஒக்டோபரில் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

துப்பைக் கண்டுபிடிப்பது குடும்பங்களால் முடியும். குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்ய முடியாது. ஆனாலும் விஜயா ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள், கொழும்பில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், அந்த வாரம் கண்டதைத் திகதியும் இடமும் போட்டு எழுதிவைக்க வேண்டும். அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது.