அலுவலகத்துக்குள் ஒரு களரி வேண்டும்

மட்டக்களப்பு வாவிக்கரையோரத்து அரச அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் என் மருமகள் சென்ற மாதம் ஒரு சான்றிதழோடு வீட்டுக்கு வந்தாள். செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒருநாள் செயலமர்வு. காலையில் தொடங்கியது, மத்தியானச் சாப்பாட்டோடு பாதி மண்டபம் காலி, பின்னேரம் குழுப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். திரையில் ஓடியது முழுவதும் ஆங்கிலம். "நாளைக்கு மேசையில இருக்கிற கோவையை வச்சு என்ன செய்யிற எண்டு ஆருக்கும் தெரியா மாமா" என்றாள். அந்த ஒரு வசனம்தான் இதை எழுத வைத்தது.

2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென 300 கோடி ரூபா ஒதுக்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே வந்தது. இந்தப் போக்கு தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊழியரின் திறனை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? எத்தனை பேர் மண்டபத்தில் இருந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுபட்டது என்பதைக் கொண்டுதான்.

புதிய முறை ஒன்று ஊழியரின் கைக்கு வராமல் ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அஸ்வெசும. 2023 ஜூலையில் தொடங்கிய அந்த நலன்புரித் திட்டம் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு ஏழைகளைத் தெரிவுசெய்தது. பெயர்ப் பட்டியல் வெளியானதும் நாடு முழுவதும் வந்து குவிந்த மேன்முறையீடுகள் பத்து இலட்சத்தை நெருங்கின. இந்த எண்ணை நான் போகும் கூட்டமெல்லாம் சொல்லிவருகிறேன், இன்னும் சொல்வேன். ஓர் அலுவலக வாசலில் நானே நின்று பார்த்தேன். தன் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்ட அம்மாவுக்கு மறுமொழி சொல்ல உள்ளே ஒருவருமில்லை. உத்தியோகத்தர் பொல்லாதவர் அல்ல. கணினி தந்த விடைக்கு அவருக்கே காரணம் தெரியாது. இத்தனைக்கும் அது செயற்கை நுண்ணறிவு அல்ல, வெறும் புள்ளிக் கணக்கு. கூட்டிக் கழித்தால் விளங்கக்கூடிய கணக்குக்கே இந்தக் கதி என்றால், தான் எப்படி முடிவெடுத்தது என்று சொல்லாத ஒரு கருவி அந்த மேசைக்கு வரும்போது அந்த அம்மா யாரிடம் போவார்?

ஒரு கூட்டம் மனிதருக்குப் புதிய வித்தையைப் பழக்குவது எப்படி என்று மட்டக்களப்பாருக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. எங்கள் கூத்தைப் பாருங்கள். பாத்திரத்துக்குரிய பாட்டு எழுதிய சட்டத்தைக் கொடுத்த அன்றே யாரும் ஆடிவிடுவதில்லை. பாத்திரத்தைப் பொறுப்பேற்றவன் பகலில் வயலிலோ தோணியிலோ நிற்பான், இரவில் கூத்துப் பழகும் களரிக்கு வருவான். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டைச் சொல்ல, கால் பிசகும், வரி மறக்கும். கொப்பி பார்க்கிறவர் அடி எடுத்துக் கொடுப்பார். சுற்றியிருக்கும் ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். முன்பு அதே வேடம் கட்டிய கிழவர் எழுந்து வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். மாதக்கணக்கில் இப்படிப் பழகி, சதங்கை கட்டி, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அதன் பிறகுதான் அரங்கேற்றம். பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆய்வுசெய்து கலாநிதிப் பட்டம் பெற்றார், சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊராரும் கூத்தைப் புதிய காலத்துக்கு மீளுருவாக்கினார்கள். அங்கே ஆட்டமும் கதையும் களரியிலேயே பேசி, வாதாடி மாற்றப்பட்டன. மாற்றத்தை உள்வாங்கும் முறை எங்களிடமே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒருநாள் செயலமர்வை இறக்குமதி செய்கிறோம்.

"பொடியள் தாங்களாகவே பழகிக்கொள்வார்கள்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழகிவிட்டார்கள், ஒளித்து. கடிதம் எழுதவும், சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையைத் தமிழாக்கவும் கைப்பேசியில் சாட்ஜிபிடியைப் பாவிக்கும் உத்தியோகத்தர் பலர் எனக்குத் தெரியும். மேலதிகாரிக்குச் சொல்லமாட்டார்கள், பக்கத்து மேசைக்கும் சொல்லமாட்டார்கள். விண்ணப்பதாரியின் அடையாள அட்டை இலக்கத்தை அதில் போடலாமா கூடாதா என்று கேட்க ஆளில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதை எத்தனை மேசைகளில் வாசித்திருக்கிறார்கள்? மறுபக்கம் "தடை செய்துவிட்டால் தொல்லை முடிந்தது" என்கிறவர்கள் அலுவலகத்துக்குள் கால் வைத்து எத்தனை காலமாயிற்று என்றே கேட்கத் தோன்றுகிறது.

சான்றிதழ் வழியில் திறன் வளராது என்பதற்கு அத்தாட்சி நம் கையிலேயே உண்டு. புதிதாகச் சேரும் அரச ஊழியர் 5 ஆண்டுக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. வகுப்பு நடந்தது, பரீட்சை நடந்தது. ஆனாலும் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கமக்காரனுக்கு இன்றைக்கும் தனிச் சிங்களத்தில் கடிதம் வருகிறது. மொழிக்கு நடந்ததுதான் செயற்கை நுண்ணறிவுக்கும் நடக்கும்.

இந்த மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள். ஒவ்வொன்றிலும் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், கடமை நேரத்துக்குள், சம்பளத்தோடு ஒரு களரி கூடட்டும். தமிழில். எழுதுநரும் கிராம உத்தியோகத்தரும் கணக்காளரும் பதவிநிலை பாராமல் ஒரே மேசையில் இருக்கட்டும். பெயரும் இலக்கமும் நீக்கிய நிஜக் கோவையை வைத்துப் பழகட்டும்: போரதீவுப்பற்றில் யானை உடைத்த வீட்டுக்கான இழப்பீட்டு விண்ணப்பம், வாழைச்சேனையில் படகு இழந்தவரின் மனு. கருவி எங்கே பிழை விட்டது, எந்தத் தமிழ்ச் சொல்லைத் தலைகீழாக விளங்கிக்கொண்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதி அடுத்த செயலகத்துக்கு அனுப்பட்டும். காத்தான்குடி கண்ட பிழையைக் களுவாஞ்சிக்குடி மறுபடி விடத் தேவையில்லை. பிழையை ஒத்துக்கொண்டவர் மீது விசாரணை வைக்கக் கூடாது என்பதை அரசாங்க அதிபர் எழுத்தில் தர வேண்டும். அது இல்லாமல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்.

இதற்குப் பெரிய காசு தேவையில்லை. அந்த 300 கோடி போன்ற ஒதுக்கீட்டில் ஒரு துளி போதும். இந்தக் களரிகள் கூடும்வரைக்கும் கொழும்பில் வாங்கிய எந்தச் செயற்கை நுண்ணறிவு முறையும் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வரக் கூடாது. வந்தால் 2023இன் அஸ்வெசும வரிசை மறுபடி அதே வாசலில் நிற்கும், உள்ளே இருப்பவரிடம் மறுமொழி இராது.