ஆம்பளைக்கு என்னடா காய்ச்சல்?

ஹாஸ்டல்ல இப்படி பில்டப் கொடுத்துட்டு, மூணு நாள் போர்வைக்குள்ள சுருண்டு கிடந்தது வேற யாருமில்ல... சாட்சாத் அடியேன்தான்! எழுந்ததும் படிச்சுப் பார்த்தா, மேட்டரே உல்டா பாஸ்!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு, 2014-ல வெளியாச்சு. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கிட்ட ஆண்கள்ல, டெஸ்டோஸ்டிரோன் அதிகமா இருந்தவங்களுக்கு ஆன்டிபாடி கம்மியாத்தான் உருவாச்சாம். அதாங்க, நமக்கு மீசை முளைக்க வைக்கிற அதே ஹார்மோன்!

பெண்களோட ஈஸ்ட்ரோஜன் வேற ரகம். பெண்களின் மூக்கில் இருந்து எடுத்த செல்கள்ல, அது ஃப்ளூ வைரஸ் பெருகுறதைக் குறைச்சதை 2016-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு சொன்னது. ஆண்களின் செல்கள்ல அந்தப் பாச்சா பலிக்கலை.

கேர்ள்ஸ், உடனே காலரைத் தூக்காதீங்க. கர்ப்ப காலத்துல ஹார்மோன்களும் எதிர்ப்பு சக்தியும் மாறும். 2009 பன்றிக் காய்ச்சல், கர்ப்பிணிகளைக் கடுமையாவே தாக்குச்சு. எதிர்ப்பு சக்தி ஓவரா துள்ளினாலும் நுரையீரலுக்கு ஆபத்துதான்.

ஹார்மோன் மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்றதில்ல. வயசு, வேற நோய், முக்கியமா நம்ம வெட்டி வீம்பு... இதெல்லாமும் கூட்டணி! முதல் ரெண்டும் நம்ம கையில இல்ல. மூணாவது இருக்கு.

அதனால மச்சி, காய்ச்சல் விடலைன்னா, மூச்சு வாங்கினா, நேரா டாக்டர்கிட்ட போயிடு. கெத்தை கிரிக்கெட் கிரவுண்டுல காட்டிக்கலாம்!