எண்ணைக் காட்டி வாய்பாட்டை மறைப்பதா?

விரிதாளின் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது மதிப்பு; உள்ளே நின்று அம்மதிப்பை ஈனுவது வாய்பாடு. தெரிவதை மட்டும் நம்பி, ஈன்றதைக் கேளாதிருக்கும் பழக்கம் பெருகிவிட்டது. அது பெருங்கேட்டிற்கு வாயிலாகும்.

1979-ஆம் ஆண்டில் பிரிக்குலின், பிராங்குசுதன் என்னும் அமெரிக்கர் இருவர் 'விசிகால்க்கு' என்னும் விரிதாள் மென்பொருளை வெளியிட்டனர். கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்தெழுத நேரும் தொல்லையைக் கண்டே பிரிக்குலினுக்கு அவ்வெண்ணம் பிறந்தது. ஆகவே, விரிதாளின் உயிர் எண் அன்று. எண்களுக்கு இடையேயுள்ள உறவே. அவ்வுறவை எழுதிவைப்பதே வாய்பாடு.

ஊதியத்தாள் ஒன்றை எண்ணிப் பார்க்க. அடிப்படை ஊதியம் 20,000 உருபா. அகவிலைப்படி 50 விழுக்காடு. கட்டத்தில் வாய்பாடு இருப்பின் படி 10,000 என வரும். விழுக்காடு 53 ஆனால் 10,600 எனத் தானே மாறும். எவரோ வாய்பாட்டை அழித்து 10,000 என்று கையால் இட்டுவிட்டால்? பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், உயர்வு வரும் நாளில் அக்கட்டம் அசையாது. திங்கள்தோறும் 600 உருபாவை இழப்பவன் உழைப்பாளி!

நாடுகளின் கணக்கிலும் இவ்விழுக்கு நேர்ந்ததுண்டு. 2010-இல் இரெயின்ஆர்ட்டு, உரோகோபு என்னும் பொருளியலறிஞர் இருவர், கடன் ஒரு நாட்டின் ஆண்டு ஆக்கத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்றனர். வளர்ந்த நாடுகளுக்கு அவர்கள் காட்டிய சராசரி, சுழியத்திற்கும் கீழே 0.1 விழுக்காடு. மக்கள்நலச் செலவைக் குறைக்க விழைந்த ஆட்சியாளர் பலர் அதனைச் சான்றாக ஏந்தினர். 2013-இல் மாசச்சூசெட்சுப் பல்கலைக்கழக மாணவர் எருந்தன், அவ்விரிதாளையே கேட்டுப் பெற்றுத் திறந்தார். சராசரிக்குரிய வாய்பாடு 49-ஆம் வரிசைவரை செல்லாது 44-ஆம் வரிசையோடு நின்றிருந்தது. ஆத்திரேலியா, ஆத்திரியா, பெல்சியம், கனடா, தென்மார்க்கு ஆகிய ஐந்தும் விடுபட்டிருந்தன. இப்பிழையோடு, தரவுத் தேர்விலும் எடை வகுத்த முறையிலும் கண்ட குறைகளையும் நீக்கித் தம் ஆசிரியர் இருவருடன் அவர் கணித்தபோது, வளர்ச்சி 2.2 விழுக்காடு என வந்தது. வாய்பாட்டுப் பிழையை அறிஞர் இருவரும் ஒப்புக்கொண்டனர். தம் முடிவை மட்டும் விட்டாரல்லர்.

'வாய்பாடு வல்லுநர்க்குரியது, பொதுமக்களுக்கு எண்ணே போதும்' என்பார் உளர். இப்பிழையை வெளிக்கொணர்ந்தவர் ஒரு மாணவர் அன்றோ? வாய்பாட்டோடு தாள் கைக்கு வந்தமையாலன்றோ அவர் கண்டார்? மதிப்புகளை மட்டும் படியெடுத்து அனுப்பியிருப்பின், அவ்வரிசைப் பிழை அத்தாளுக்குள்ளேயே புதைந்திருக்கும்.

எனவே, வரவுசெலவாயினும் ஊதியமாயினும் தேர்வு மதிப்பெண்ணாயினும், எண்ணை வெளியிடுவோர் வாய்பாட்டையும் வெளியிடுதல் கடமை. கையால் இட்ட எண்ணுக்கு ஒரு நிறமும் வாய்பாட்டுக்கு வேறு நிறமும் தருக. மாறும் விழுக்காட்டை வாய்பாட்டினுள் புதையாது தனிக் கட்டத்தில் வைக்க. பெறுவோரும், 'எவ்வளவு?' என்று கேட்டதோடு அமையாது, 'எவ்வாறு வந்தது?' என்றும் கேட்க. கேட்கும் மக்களிடத்துப் பொய்க்கணக்கு நெடுநாள் நில்லாது!