அம்மாயியின் மருந்துப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள்

லுணுகலை நகரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் உறவுகளே,

ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், தோட்ட மருந்தகங்களில் வேலை பார்த்தவர்களும், கோயில் பொறுப்பாளர்களுமாகச் சேர்ந்து இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் குடிக்கும் குளிசைகளைப் பற்றியது இது. நோய்க்குக் கொடுத்த மருந்தே ஒரு முதியவரைச் சாய்த்துவிடலாம் என்பதை நாம் பேசுவதே இல்லை. "வயசாயிருச்சு, தலை சுத்துச்சு, விழுந்துட்டாங்க" என்பதோடு முடித்துவிடுகிறோம். அந்தத் தலைசுற்றலுக்குக் காரணம் பல வேளைகளில் மருந்துப் பைக்குள்ளேயே இருக்கிறது.

லயத்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் சொப்பிங் பேக்கை இறக்கிப் பாருங்கள். கிளினிக் கொப்பி, இந்த மாதக் கடதாசி உறைகள், போன மாதத்து மிச்சம், பதுளைப் பெரியாஸ்பத்திரியில் டிக்கட் வெட்டியபோது தந்தவை, டவுன் பார்மசியில் வாங்கிய அட்டை எல்லாம் கலந்து கிடக்கும். மழைக்காலத்து ஈரத்தில் உறை நைந்து எழுத்து கரைந்திருக்கும். சில வீடுகளில் எல்லாக் குளிசையும் ஒரே ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள். பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ; மருந்து எடுத்துக் கொடுப்பது பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை. அம்மாயி நிறத்தைத்தான் நம்புகிறார்: "வெள்ளப் பெருசு காலையில, மஞ்சள் ராத்திரிக்கு." அடுத்த மாதம் வேறு கம்பனியின் சரக்கு வந்தால் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு அளவில் வருகிறது. பழையதும் மிச்சம் இருக்கிறது. புதியது வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் குடிக்கிறார். பிரஷர் மட்டுக்கு மீறி இறங்கி, லயத்துப் படியில் விழுகிறார்.

இங்கிருந்து பிபிலைக்குப் போகும் பஸ் பாதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலை, மருந்தைக் கம்பனி வைத்த பெயரால் அல்லாமல் அதன் சொந்தப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று போராடியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதை முன்னின்று நடத்தியவர்; 1977இல் கயானாவில் காலமானார். விலை குறையும் என்பதற்காக அவர் பேசிய அந்தக் கொள்கை நம் முதியவர்களின் உயிருக்கும் காவல். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டு, கீழே சிறிதாக அச்சிட்ட பெயரை வாசியுங்கள். இரண்டு அட்டைகளிலும் 'லொசார்டன்' என்று இருந்தால் இரண்டும் ஒரே மருந்துதான்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது வலிக் குளிசை. முப்பது நாற்பது வருடம் மலைச்சரிவில் கொழுந்து பறித்த முழங்காலும் இடுப்பும் வலிக்காமல் இருக்குமா? வலி நிஜம். அதற்குக் கொப்பி காட்டாமல் பார்மசியிலும் கடையிலும் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார்கள். அதே ஆள் பிரஷருக்கு லொசார்டனோ எனலப்ரிலோ குடிக்கிறார். கால் வீக்கத்துக்கு ஃபுரூசமைட் போன்ற நீர்க்குளிசையும் இருக்கிறது. வலிக் குளிசை சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் வழியைச் சுருக்குகிறது. பிரஷர் குளிசை அது வெளியேறும் வழியைத் தளர்த்துகிறது. நீர்க்குளிசை இரத்தத்தின் அளவையே குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். வாந்தி, வயிற்றோட்டம் வந்த நாளில் இது இன்னும் மோசம். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் பலம் தானாகவே குறைகிறது. சீனி வியாதி இருந்தால் மேலும் குறையும். அஸ்பிரினோ வாஃபரினோ எடுப்பவருக்கு அதே டைக்ளோஃபெனாக் வயிற்றுக்குள் இரத்தம் கசிய வைக்கும். மலம் தார்போல் கறுத்துப் போனால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு என்ன எடுக்கலாம் என்பதை டொக்டரிடம் கேளுங்கள். பனடோல்கூட 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் மது பழகியவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

அடுத்தது சீனிக் குளிசை. கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்றவை சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீனியை இறக்கும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கும் பீர்ஸ் பட்டியலில் கிளிபென்கிளமைட் இருக்கிறது. விரத நாளிலும் காய்ச்சலில் வாய்க்கு ருசியில்லாத நாளிலும் வெறும் வயிற்றோடு இதைக் குடித்தால் வியர்க்கும், கை நடுங்கும். வயதானவர்களிடம் அதுகூடத் தெரியாமல் பேச்சு மட்டும் குழறலாம். பேய் என்றும் மறதி என்றும் விட்டுவிடாதீர்கள். விழுங்க முடிந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 சுவசெரியவை அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இறங்கிய சீனி திரும்பவும் இறங்கலாம். விரதம் இருக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கக் குளிசையும் சளிக்குக் கொடுக்கும் பிரிட்டோன் குளிசையும் இரவில் வெளியே கக்கூசுக்கு எழுந்து போகிறவரைத் தடுமாற வைக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை.

இதை வாசித்துப் பயந்து யாரும் குளிசையை நிறுத்திவிட வேண்டாம். பிரஷர் மருந்தைத் தானாக நிறுத்துவது பாரிசவாதத்தைக் கூப்பிடுவது. மாற்றுவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை. அதற்கு அவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், பார்க்கக் கொடுக்க வேண்டியது நாம்.

ஆகவே கேட்கிறோம். அடுத்த கிளினிக் நாளில் பையை அப்படியே கொண்டுபோங்கள்; நாட்டு மருந்து, கசாயம், சூரணம் இருந்தால் அதையும். எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டுப் பிரித்துக்கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களே, உங்கள் லயத்தில் உள்ள ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு தாளில் மருந்தின் பெயர், எதற்கு, எப்போது, எத்தனை என்று தமிழில் எழுதி, அதை மருந்தாளரிடமோ தாதியிடமோ காட்டிச் சரிபார்த்த பிறகு சுவரில் ஒட்டுங்கள். சரிபார்க்காத தாளை ஒட்ட வேண்டாம்.

பார்மசி நடத்துகிறவர்களே, வலிக் குளிசை கேட்டு வரும் முதியவரிடம் கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள்: 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, மருந்து உறையில் "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்" என்ற வரியாவது தமிழில் இருக்கட்டும். தோட்ட நிர்வாகங்கள் கிளினிக் நாளில் முதியவர்களுக்கு ஒரு வாகனம் விட்டால், தூரத்தைக் காரணம் சொல்லி யாரும் கிளினிக்கைத் தவறவிட மாட்டார்கள்.

இன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையை இறக்கி, உங்கள் பெரியவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகப் பாருங்கள்.