அபராதச் சீட்டும் உள்ளாட்சியின் காலிக் கஜானாவும்

இங்கிலாந்தின் கிழக்கே கோதுமையும் பார்லியும் விளையும் சஃபோக் மாவட்டத்தில் 2020 ஏப்ரலில் ஒரு நிர்வாக மாற்றம் நடந்தது. விதிமீறிச் சாலையோரம் நிறுத்தப்படும் வாகனங்களுக்கு அபராதம் விதிக்கும் பொறுப்பு, காவல்துறையிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது. இப்ஸ்விச் நகரம் மட்டும் முன்பே இந்தப் பொறுப்பை ஏற்றிருந்தது. இப்போது கிராமங்களும் சந்தை நகரங்களும் அதே ஏற்பாட்டுக்குள் வந்தன. கடைத்தெருவில் யார் சீட்டு ஒட்டுகிறார் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அரசு தன் கடமையைக் கீழே தள்ளும்போது அதற்கான நிதியையும் சேர்த்து அனுப்புகிறதா என்ற பெரிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. இந்திய உள்ளாட்சி மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகளாகப் பணியாற்றும் தோழர்களுக்கு இது அந்நியமான கேள்வி அல்ல.

இந்த மாற்றத்தின் வேர் 1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருக்கிறது. அதுவரை குற்றமாகக் கருதப்பட்ட வாகன நிறுத்த மீறலை, முதலில் லண்டனிலும் பின்னர் விரும்பிய பிற பகுதிகளிலும், உரிமையியல் வரம்புக்கு அது மாற்றியது. அந்த ஏற்பாட்டை 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் செம்மைப்படுத்தியது. 2008 மார்ச் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாநகரங்கள் விரைந்து ஏற்றன. வருமானம் குறைந்த, பரப்பு மிகுந்த கிராமப்புற மாவட்டங்கள் நீண்ட காலம் தயங்கின.

ஒழுங்குமுறையே வேண்டாம் என்பது முற்போக்கு நிலைப்பாடு ஆகாது. நடைபாதையை மறித்து நிற்கும் காரால் சக்கர நாற்காலியில் செல்பவர் சாலையில் இறங்க நேரிடுகிறது. பேருந்து நிறுத்தத்தை அடைத்து நிற்கும் வாகனம், பேருந்தை நம்பி வாழ்பவரின் நேரத்தைத் திருடுகிறது. 2010க்குப் பிந்தைய சிக்கன நடவடிக்கைகளால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 20,000 காவலர் பணியிடங்கள் குறைந்தபோது, காவல்துறை முதலில் கைவிட்ட பணிகளில் இதுவும் ஒன்று. அந்த வெற்றிடத்தை நிரப்பும் சுமைதான் உள்ளாட்சிகளின் தோளில் ஏறியது.

ஏற்ற தோளோ ஏற்கெனவே தளர்ந்திருந்தது. 2010-11க்கும் 2017-18க்கும் இடையில் உள்ளாட்சிகளுக்கான மத்திய அரசு நிதி, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 49.1 விழுக்காடு குறைந்தது என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகமே கணக்கிட்டது. நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டக் கவுன்சில் 2018 பிப்ரவரியில் புதிய செலவுகளுக்குத் தடை விதித்து, நிதி முறிவை வெளிப்படையாக அறிவித்தது. இத்தகைய நிலையில் இருக்கும் மன்றத்தின் கையில் அபராதச் சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால், அது சாலை ஒழுங்கின் கருவியாக மட்டுமே இருக்கும் என்று எதிர்பார்க்க இயலுமா?

சீட்டு யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் தாட்சர் அரசு லண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவையைத் தனியார் சந்தையிடம் ஒப்படைத்தது; அடுத்த ஆண்டு அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. லாபம் தராத கிராமத் தடங்கள், சுருங்கிவரும் உள்ளாட்சி மானியத்தின் தயவில் விடப்பட்டன. பேருந்து வராத ஊரில் கார் ஆடம்பரம் அல்ல. வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பராமரிக்கும் பெண் தொழிலாளிக்கு அதுவே பணிக்கருவி. லண்டனுக்கு வெளியே கடுமையான மீறலுக்கு 70 பவுண்டு அபராதம். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. கட்டத் தவறினால் அது 105 பவுண்டாகிறது; பிறகு கடனாகப் பதிவாகி, வசூல் முகவர் கதவைத் தட்டுகிறார். பண்ணை முதலாளிக்கும் பராமரிப்புத் தொழிலாளிக்கும் தொகை ஒன்றே. உடனே கட்ட முடிந்தவருக்குத் தள்ளுபடி. முடியாதவருக்குக் கூடுதல் சுமை.

எனினும் அங்கே சில தடுப்புகள் உண்டு. சாலையோர நிறுத்தக் கட்டணத்திலும் அபராதத்திலும் மிஞ்சும் பணத்தைப் போக்குவரத்து, சாலை மேம்பாடு போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் சட்டம் வரையறுக்கிறது. பொது வருவாயைப் பெருக்கவே கட்டணத்தை உயர்த்திய லண்டன் பார்னெட் மன்றத்தின் செயல் சட்டவிரோதம் என்று, குடியிருப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீட்டை எதிர்த்துக் கட்டணமின்றிச் சுயேச்சையான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இத்தனை சீட்டு ஒட்டியாக வேண்டும் என ஊழியருக்கு இலக்கு வைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது.

இந்தியாவுக்குத் திரும்பினால், வாகன நிறுத்துமிடம் 74ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையிலேயே நகராட்சியின் பொறுப்பாகக் குறிக்கப்பட்டுள்ளது. பொறுப்பு எழுத்தில் வந்தது. போதிய நிதி வரவில்லை. எனவே பல நகரங்களில் நிறுத்துமிடங்கள் ஏலத்துக்குப் போகின்றன. அதிகத் தொகை கேட்ட ஒப்பந்ததாரர் போட்ட பணத்தை லாபத்துடன் எடுக்க முனைகிறார். ரசீது தராமல் கூடுதலாகக் கறக்கப்படும் மக்கள் முறையிட இடம் தேடி அலைகின்றனர். 2019 செப்டம்பரில் அமலான மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் தலைக்கவசம் அணியாததற்கான அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக்கியது. அன்றாடக் கூலிக்கு அது ஓரிரு நாள் உழைப்பு. இன்னொரு புறம், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தள்ளுவண்டிக்காரரை அகற்றுகின்றனர். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்குத் தந்த பாதுகாப்பு ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

ஆகவே மன்றங்களில் இந்தத் தீர்மானம் வரும்போது வெறும் எதிர்ப்போ வெறும் ஆதரவோ போதாது. ஏலத்துக்கு மாறாக, உரிய ஊதியம் பெறும் மன்ற ஊழியர்களைக் கொண்டு நேரடியாக நடத்தக் கோர வேண்டும். வசூலும் செலவும் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். மிச்சம் பேருந்துக்கும் நடைபாதைக்கும் மட்டுமே போக வேண்டும். முறையீட்டுக்கு எளிய, இலவசமான வழி வேண்டும். எந்த இடத்தையும் நிறுத்துமிடமாக அறிவிக்கும் முன் நகர விற்பனைக் குழுவைக் கலந்தாக வேண்டும். இவற்றோடு, அதிகாரத்தை மாற்றும் அரசு அதற்குரிய நிதியையும் தர வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு மன்றத்திலும் தீர்மானமாக நிறைவேற வேண்டும்.