கைபேசி யார் செலவில்?

கைபேசி வாங்குவது அவரவர் விருப்பம் சார்ந்தது என்றே விளம்பரங்கள் சொல்கின்றன. எத்தனை மெகாபிக்சல், என்ன நிறம், எந்த நட்சத்திரத்தின் கையில் இருப்பது என்று பேச்சு நீள்கிறது. நாட்டின் கோடிக்கணக்கான உழைப்பாளிகளுக்கு அது விருப்பப் பொருளாக இருந்த காலம் முடிந்துவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் வருகைப் பதிவை என்.எம்.எம்.எஸ். செயலி வழியாகவே செய்ய வேண்டும் என ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளர்களை நிறுத்திப் படமெடுத்து, இட அடையாளத்துடன் பதிவேற்ற வேண்டும். சிக்னல் எட்டாத மலைக்கிராமத்தில் நாள் முழுதும் மண் வெட்டியவரின் கூலி, ஏறாத ஒரு படத்தால் பறிபோனது. அந்த ஆண்டு தில்லி ஜந்தர் மந்தரில் அத்தொழிலாளர்கள் அமர்ந்து போராடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கன்வாடி ஊழியர்களின் நிலை இன்னும் தெளிவான சான்று. 2021இல் ‘போஷன் டிராக்கர்’ செயலி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த கைபேசிகளை அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். 2 ஜி.பி. நினைவகம் கொண்ட அந்தக் கருவிகள் அடிக்கடி உறைந்து நின்றன, சூடேறின. செயலியோ ஆங்கிலத்தில் இருந்தது. மராத்தி மட்டுமே படித்த ஒரு பெண், எடை குறைந்த குழந்தையின் விவரத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவாள் என்று செயலியை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2025 ஜூலை முதல் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுக்கு முக அடையாளப் பதிவும் கட்டாயமானது. அதற்கு மேலும் நல்ல கேமராவும் வேகமான இணையமும் வேண்டும். இவ்வளவையும் சுமக்கும் ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் உயர்த்தி நிர்ணயித்த மாத மதிப்பூதியப் பங்கு 4,500 ரூபாய். சுமாரான ஒரு கைபேசிக்கே இரண்டு மாதப் பங்கு போய்விடும். அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. 2020 ஏப்ரலில் 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்ட அந்த வரி, ஏ.சி. கருவிக்கும் பெரிய தொலைக்காட்சிக்கும் வரி குறைக்கப்பட்ட 2025 செப்டம்பரிலும் கைபேசிக்குக் குறையவில்லை.

தறியும் உளியும் போல, கைபேசி இன்று வேலைக்கான கருவி. வேலை வாங்குபவர்தான் கருவியையும் தர வேண்டும் என்பது தொழிற்சங்க இயக்கத்தின் பழைய நியாயம். அந்நியாயம் வென்றெடுக்கப்படும் வரை, நாளைக் காலை வேலைக்குப் போகிறவருக்கு ஒரு கைபேசி வேண்டும். ஆகவே அதை எப்படித் தேர்வு செய்வது என்பதும் பேசப்பட வேண்டியதே. விற்பனையாளரிடம் அதை விட்டுவிட்டால் அவர் தமக்கு லாபம் கூடுதலாகத் தரும் கருவியைத்தான் கையில் கொடுப்பார்.

முதலில் பார்க்க வேண்டியது அலைக்கற்றை. இதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜி சேவையைத் தொடங்கியபோது பி.எஸ்.என்.எல்.லின் கைகள் கட்டப்பட்டிருந்தன. அதன் 4ஜி கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி 2020இல் ரத்தானது. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினர். நாடு தழுவிய அதன் 4ஜி சேவை முறைப்படி தொடங்கியது 2025 செப்டம்பரில்தான். இடைப்பட்ட 9 ஆண்டுகளில் சந்தை யார் கைக்குப் போனது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. 28 நாட்களுக்கு நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் ஜியோ திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆயிற்று. அப்போது பொதுத்துறைக்கு மாறியவர்கள் பலர். பி.எஸ்.என்.எல். 4ஜி பெரிதும் இயங்குவது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில். 700 நெடுந்தொலைவு போகும், சுவரையும் ஊடுருவும், கிராமங்களுக்கு ஏற்றது. ‘பேண்ட் 28’ எனக் குறிக்கப்படும் அதைப் பழைய, மலிவான கைபேசிகள் பலவும் ஏற்பதில்லை. கோபுரம் அருகிலிருந்தும் 4ஜி வரவில்லை என்று குறைபடுவோர், பி.எஸ்.என்.எல்.லைக் குறை கூறுமுன் இதைச் சரிபார்ப்பது நல்லது. கைபேசியின் விவரக் குறிப்பில் பேண்ட் 1, பேண்ட் 28 இரண்டும் இருக்க வேண்டும். 4ஜி வழியே குரல் அழைப்புக்கான வோல்டி வசதி, வாங்கும் சிம்முக்கு வேலை செய்யுமா என்பதையும் கடையிலேயே ஓர் அழைப்பு செய்து பார்த்துவிடலாம்.

பேச மட்டுமே வேண்டியவருக்குத் திறன்பேசியே தேவையில்லை. இணையம் சேர்க்காத, குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டும் என 2024 டிசம்பரில் டிராய் ஆணையிட்டது. ஆனால் ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய பொத்தான் கைபேசி அதில் வேலை செய்யாது என்பது வாங்கிய பின் தெரிந்து பயனில்லை.

செயலியில் வேலை செய்பவருக்கு நினைவகம் 4 ஜி.பி.க்குக் குறையக் கூடாது, 6 இருந்தால் நல்லது. கேமராவின் மெகாபிக்சலைவிட, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும், பேட்டரியை உள்ளூர்க் கடையில் மாற்ற முடியுமா என்பவை முக்கியம். தவணையில் வாங்குவோர் கையெழுத்திடுமுன் ஒன்று கேட்க வேண்டும்: தவணை தவறினால் கைபேசியைத் தொலைவிலிருந்தே பூட்டும் செயலி உள்ளே உண்டா? உணவு விநியோகம் செய்யும் இளைஞனின் கைபேசி பூட்டப்பட்டால், தவணை கட்ட அவன் சம்பாதிக்கும் வழியும் பூட்டப்படுகிறது. கந்துவட்டிக்காரர்கூட உழுகிற மாட்டை உழவு நடுவில் அவிழ்த்துப் போக யோசித்திருப்பார்.

ஹெட்செட் விஷயத்தில் முதலாளித்துவத்தின் கைவண்ணம் வெளிப்படையாகவே தெரிகிறது. 2016 செப்டம்பரில் ஆப்பிள், ஐபோன் 7இலிருந்து 3.5 மி.மீ. இயர்போன் துளையை நீக்கியது. அதே மேடையில் கம்பியில்லா ஏர்பாட்ஸை அறிமுகம் செய்தது. ஒரு துளையை அடைத்ததும் ஒரு புதிய சரக்குக்குச் சந்தை பிறந்துவிட்டது. 2020இல் ஐபோன் 12 வந்தபோது பெட்டியிலிருந்து சார்ஜரும் மறைந்தது, சுற்றுச்சூழலின் பெயரால். காதில் செருகும் புளூடூத் கருவிகளின் சிறு பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துபோகும். உறையைப் பிரித்து மாற்ற வழியில்லாததால் முழுக்கருவியும் குப்பைக்குத்தான். மைக் உள்ள கம்பி இயர்போன் சில நூறு ரூபாய், சார்ஜ் வேண்டாம், நெடுநேர இணையவழிக் கூட்டத்திலும் நடுவில் அணையாது. எஃப்.எம். வசதியுள்ள கைபேசிகளில் அந்தக் கம்பியே வானொலிக்கு ஆண்டெனா. புயலில் இணையம் அறுந்த ஊரில் அதன் அருமை தெரியும். துளையுள்ள கைபேசிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன, பெரும்பாலும் விலை குறைந்த வகைகளில்.

காதின் நலமும் இங்கே சேர்கிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட தரநிலை. அந்த அளவு ஒலியில் வாரம் 48 மணி நேரம் ஹெட்செட்டுடன் அமரும் அழைப்பு மையத் தொழிலாளி, வீட்டுக்குப் போய் ஒரு பாட்டுக்கூடக் கேட்காமலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறார். இது பணியிடப் பாதுகாப்புப் பிரச்சனை. ஹெட்செட்டின் தரமும் இடைவேளையும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை.

திட்டப் பணியாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் கைபேசி ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. ‘கைபேசி தருக’ என்ற ஒற்றை வரி போதாது என்பதை மகாராஷ்டிர அனுபவம் காட்டிவிட்டது. நினைவகத்தின் அளவு, அந்தப் பகுதியில் கிடைக்கும் அலைவரிசை, மாதாந்திர ரீசார்ஜ் தொகையை முன்கூட்டியே தருவது, பழுதுபார்க்கும் செலவு, தாய்மொழியில் செயலி, செயலி செயல்படாத நாளில் கையெழுத்துப் பதிவேடே செல்லும் என்ற உத்தரவாதம் ஆகிய அனைத்தையும் எண்களோடு எழுதிக் கேட்க வேண்டும். கருவியை வாங்குமுன், நாள்தோறும் அதைக் கையிலெடுக்கும் ஊழியர்களின் சங்கத்தைக் கலந்துபேச வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.